தொண்ணூறு வழிகள், தொண்ணூறு நொடிகள்

(கோடை விடுமுறையின்போது ஒரு பொது நூலகத்தில், மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

முன்வரிசையில் இருக்கும் தம்பி தங்கைகள் பலருடைய மடியில் நின்டெண்டோ சுவிட்ச் இருப்பதைப் பார்க்கிறேன். பின்வரிசையில் அவர்களுடைய அம்மா அப்பாக்களும் ஒரு தாத்தாவும் வந்திருக்கிறார்கள். நான் சொல்லப்போவதில் பாதி முன்வரிசைக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். பின்வரிசைக்கு முதல் சில நிமிடங்கள் புதிதாக இருக்கும். இரண்டு வரிசைகளும் ஒன்றை ஒன்று கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முதலில் பின்வரிசைக்கு. போகிமான் எனப்படும் கற்பனை உயிரினங்களைப் பிடித்து, வளர்த்து, மோதவிடும் இந்த விளையாட்டு 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் கேம் பாய் கருவிக்காக வெளிவந்தது. அதை உருவாக்கிய சதோஷி தஜிரி சிறுவயதில் டோக்கியோவின் புறநகரான மச்சிதாவில் பூச்சி பிடித்துச் சேர்த்துத் திரிந்தவர். இரண்டு கேம் பாய்களை இணைக்கும் கம்பியைப் பார்த்தபோது, அதன் வழியே ஒரு பூச்சி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஊர்ந்து போவதாக அவருக்குத் தோன்றியதாம். அந்தக் கற்பனையில் கம்பியின் மறுமுனையில் இன்னொரு பிள்ளை இருக்கிறான் என்பதைக் கவனியுங்கள். பிறந்த நாளிலிருந்தே இது இரண்டு பேருக்கான விளையாட்டு. உங்கள் பிள்ளை தனியே உட்கார்ந்து கதைப்பகுதியை முடிக்கும்போது பாதிதான் முடித்திருக்கிறான். மீதிப் பாதி இன்னொரு மனிதருக்கு எதிரே உட்காரும்போது தொடங்குகிறது.

அந்த மீதிப் பாதிக்கு 2009-லிருந்து உலகப் போட்டி நடக்கிறது. வயதுவாரியாக மூன்று பிரிவுகள் உண்டு: ஜூனியர், சீனியர், மாஸ்டர்ஸ். கடையளவில் நடக்கும் சின்னப் போட்டிகளில் தொடங்கி, வட்டாரப் போட்டி, பன்னாட்டுப் போட்டி என்று ஏறி உலகப் போட்டிவரை போகலாம். இன்று நான் பேசப்போவது அந்த ஏணியின் முதல் படியைப் பற்றி மட்டும்தான்.

இனி முன்வரிசைக்கு. கதையை முடித்த தெம்பில் பலரும் நேராகப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். கதையில் நாம் வெல்வதற்குப் பெரும்பாலும் காரணம் லெவல். எதிராளியின் போகிமான் 50-இல் நிற்கும், நம்முடையது 65-இல் நிற்கும். வகைப் பொருத்தம் சற்றுத் தவறினாலும் அடித்து நொறுக்கிவிடலாம். போட்டியில் எல்லாமே லெவல் 50 ஆக்கப்படும். நீங்கள் மூன்று மாதம் வளர்த்த டிராகனும் நேற்று முட்டையிலிருந்து வந்து பயிற்சி முடித்த குட்டியும் ஒரே கோட்டில் நிற்கும். களத்தில் ஒரு பக்கத்துக்கு ஒன்றல்ல, இரண்டு நிற்கும். நீங்கள் ஆறு போகிமான்களைக் கொண்டுவருவீர்கள், எதிராளியும் ஆறு கொண்டுவருவார். ஒருவர் ஆறை மற்றவர் பார்த்த பிறகு, ஆளுக்கு நான்கைத் தேர்ந்தெடுத்து ஆட வேண்டும். மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றவருக்குச் சுற்று.

அந்தத் தேர்வுக்குத் தரப்படும் நேரம் 90 நொடி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறில் முதலில் இறங்கும் இருவரை 15 விதமாகத் தேர்ந்தெடுக்கலாம். மிச்சமுள்ள நால்வரில் பின்னால் நிற்கும் இருவரை 6 விதமாகத் தேர்ந்தெடுக்கலாம். பதினைந்தை ஆறால் பெருக்கினால் தொண்ணூறு. தொண்ணூறு வழிகளுக்குத் தொண்ணூறு நொடிகள். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் அதே தொண்ணூறு வழிகள் இருக்கின்றன. இதை மேசையில் உட்கார்ந்து யோசிக்கத் தொடங்குபவர் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே பின்தங்கிவிடுகிறார். இந்தத் தேர்வை வீட்டிலேயே செய்து முடித்திருக்க வேண்டும். முதல் போட்டிக்குத் தயாராவது என்று நான் சொல்வது இதைத்தான்: உங்கள் ஆறு பேரில் ஒவ்வொருவருக்கும் என்ன வேலை, யாருக்கு எதிரே யாரை இறக்குவது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்குத் தெரிந்துவைத்திருப்பது.

ஆடுபுலி ஆட்டம் ஆடியவர்கள் இங்கே இருப்பீர்கள். தாத்தா தலையாட்டுகிறார். அந்த ஆட்டத்தில் தனி ஆட்டுக்கு ஒரு பலமும் கிடையாது. புலி தாண்டி வெட்டிவிடும். ஆனால் ஒரு ஆட்டுக்குப் பின்னால் இருக்கும் புள்ளியில் இன்னொரு ஆடு நின்றுவிட்டால் புலியால் தாண்ட முடியாது. நிற்கும் இடமும் துணையுமே பலமாகிவிடுகின்றன. இரண்டுக்கு இரண்டாக ஆடும் போகிமானிலும் இதுதான் நடக்கிறது. இதற்கு ஒரு சான்று சொல்கிறேன்.

2014 ஆகஸ்ட், வாஷிங்டன் நகரம். உலகப் போட்டியில் தென்கொரியாவின் சேஜுன் பார்க் கொண்டுவந்த ஆறில் பச்சிரிசு இருந்தது. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: வெள்ளையும் நீலமுமாக இருக்கும் ஒரு மின்சார அணில். தாக்கும் வலிமை மிகக் குறைவு. அதுவரை போட்டிக்குப் பெரும்பாலோர் நினைத்துப் பார்க்காத போகிமான். அந்த அணிலோடு அவர் உலகப் பட்டம் வென்றார். டிராகன் வகையின் கடுமையான தாக்குதலான டிராகோ மீட்டியோரை அது தாங்கி நின்றபோது அரங்கம் ஆர்ப்பரித்த காணொளியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

இந்தக் கதையைச் சொல்லி, பிடித்த போகிமானைக் கொண்டுபோனால் போதும், பாசம் ஜெயிக்கும் என்று பேசுபவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. சேஜுன் பார்க் என்ன செய்தார் என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அவருடைய அணியின் பெரிய அடி கியாராடோஸ். அது நீரும் பறத்தலும் கலந்த வகை. மின்சாரத் தாக்குதல் அதற்கு நான்கு மடங்கு வலிக்கும். களத்தில் மெகா உருவம் என்ற வலுவான வடிவத்துக்கு மாறிய பிறகும் இரண்டு மடங்கு. அணியில் இருந்த இன்னொன்று டாலன்ஃப்ளேம், தீயும் பறத்தலும். அதற்கும் மின்சாரம் ஆகாது. பச்சிரிசுவின் திறன் வோல்ட் அப்சார்ப். மின்சாரம் பட்டால் அதற்கு அடியே விழாது, மாறாக உயிர் கூடும். அதனிடம் ஃபாலோ மீ என்ற மூவ் இருக்கிறது. ஒருவரைக் குறிவைத்து வரும் தாக்குதலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் மூவ் அது. கியாராடோஸை வீழ்த்தவென்று எதிராளி கொண்டுவந்த மின்சாரம் அணிலிடம் திரும்பி, அணிலுக்கே உணவாகிவிடுகிறது. புலிக்குப் பின்புள்ளியில் இடமில்லாமல் செய்த ஆடு அதுதான்.

இன்னும் பாருங்கள். அதன் மற்ற மூவ்கள் நஸல், சூப்பர் ஃபாங், புரொடெக்ட். நஸல் பட்டால் எதிராளிக்கு வாதம் அநேகமாக உறுதி, அவன் வேகம் வெகுவாகக் குறையும். சூப்பர் ஃபாங் எதிராளியிடம் அப்போது மிஞ்சியிருக்கும் உயிரில் பாதியை எடுத்துவிடும், அடிப்பவன் பலசாலியா என்று அது பார்க்காது. புரொடெக்ட் காக்கும். நான்கில் ஒன்றுகூட அந்த அணிலின் தாக்கும் வலிமையை நம்பி இருக்கவில்லை. அதனால் பயிற்சி முழுவதையும் தாங்கும் சக்திக்கே கொடுக்க முடிந்தது. டிராகோ மீட்டியோரைத் தாங்கியது பாசத்தால் அல்ல, வீட்டில் உட்கார்ந்து போட்ட கணக்கால். பாசமும் இருந்திருக்கலாம், அது எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் வேலை தெரிந்துதான் அதை எடுத்திருக்கிறார்.

எனவே உங்கள் ஆறில் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "உனக்கு இந்த அணியில் என்ன வேலை?" என்று கேளுங்கள். ஒரே வாக்கியத்தில் பதில் வராத போகிமானை எடுத்துவிடுங்கள்.

முதல் போட்டிக்குச் சொந்தமாக அணி கட்ட வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். பெரிய போட்டிகளில் நன்றாக ஆடிய அணிகள் வெளிப்படையாகக் கிடைக்கின்றன. ஒன்றை எடுத்துக்கொண்டு அப்படியே ஆடுங்கள். பாட்டு படிப்பவர்கள் எடுத்த எடுப்பில் ஆலாபனைக்குப் போவதில்லை. சரளி வரிசை, கீதம், வர்ணம் என்று பிறர் அமைத்ததைப் பாடிப் பாடித்தான் குரல் தன் வழியைக் கண்டுபிடிக்கிறது. இரவல் அணியோடு ஐம்பது ஆட்டம் ஆடுங்கள். இந்தப் போகிமானுக்கு ஏன் இந்த மூவ் கொடுத்தார்கள் என்ற கேள்விக்கு முப்பதாவது ஆட்டத்தில் ஒருநாள் விடை கிடைக்கும். அந்த விடை கிடைக்கும் நாளில்தான் நீங்கள் அணி கட்டவும் கற்றுக்கொள்ளத் தொடங்குகிறீர்கள்.

கதை ஆடியவர்கள் கைவிட வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. நான்கு மூவ் இடத்திலும் அடியாகவே நிரப்புவது. போட்டியில் மிக அதிகமாகப் பயன்படும் மூவ்களில் ஒன்று புரொடெக்ட். அதை இட்டால் அந்த ஒரு டர்னில் அநேகமாக எந்த அடியும் விழாது. அடுத்தடுத்து இட்டால் இரண்டாவது முறை பலிக்க மூன்றில் ஒரு வாய்ப்புதான். கதையில் இது வீண் வேலை போலத் தோன்றும். இருவர் நிற்கும் களத்தில் அப்படி அல்ல. எதிராளியின் இரண்டு பேரும் உங்கள் ஒருவனைக் குறிவைத்தால், அவன் புரொடெக்ட் இட, துணைவன் சும்மா கிடைத்த டர்னில் அடித்துவிடுகிறான். எதிராளியின் இரண்டு அடிகள் காற்றில் போயின. ஒரு டர்ன் என்பது இந்த ஆட்டத்தில் பெரிய சொத்து.

களத்தில் இறங்கிய முதல் டர்னில் மட்டும் பலிக்கும் ஃபேக் அவுட்டும் இப்படித்தான். அடி சிறியது, ஆனால் பட்டவன் அந்த டர்னில் அசைய முடியாது. இன்சினரோர் என்ற நெருப்புப் பூனை ஆண்டுக்கணக்கில் போட்டிகளில் நிலைத்து நிற்பதற்கு அதன் அடி காரணமல்ல. இறங்கும்போதே எதிராளிகள் இருவரின் தாக்கு வலிமையைக் குறைக்கும் இன்டிமிடேட்டும், ஃபேக் அவுட்டும், துணைக்கு வழிவிட்டு வெளியேறும் பார்ட்டிங் ஷாட்டும்தான் காரணம். வீட்டுக்கு மூத்த அக்காள் போல மற்றவர்கள் வேலை செய்ய இடம் செய்து கொடுக்கும் போகிமான் அது.

அடுத்து வேகம். யார் முதலில் அசைகிறார் என்பதில் பாதி ஆட்டங்கள் முடிந்துவிடுகின்றன. லெவல் 50-இல் முழு வேகத்துக்குப் பயிற்றிய கார்சோம்ப் என்ற போகிமானின் வேகம் 169. அதேபோல் பயிற்றிய சாரிசார்டு 167. இரண்டே புள்ளி வித்தியாசம், ஆனால் வேறு எதுவும் குறுக்கிடாவிட்டால் நூறு முறை ஆடினாலும் நூறு முறையும் கார்சோம்ப்தான் முன்னால். ஒரு போகிமானுக்கு மொத்தம் 510 பயிற்சிப் புள்ளிகள், ஒரு குணத்துக்கு 252 வரை கொடுக்கலாம். அதை எங்கே வைப்பது என்பதை இந்த மாதிரி இரண்டு புள்ளி வித்தியாசங்கள்தான் தீர்மானிக்கின்றன. உங்கள் ஆறின் வேகங்களையும், அடிக்கடி எதிரே வரும் போகிமான்களின் வேகங்களையும் ஒரு தாளில் மேலிருந்து கீழாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். டெயில்விண்ட் வீசினால் உங்கள் பக்கத்தின் வேகம் இரட்டிப்பாகும். அது 4 டர்ன், இட்ட டர்னும் அதில் அடக்கம். டிரிக் ரூம் இட்டால் வரிசையே தலைகீழ், மெதுவானவன் முதலில் அசைவான். அது 5 டர்ன், அதிலும் இட்ட டர்ன் சேர்ந்தே போகும். இந்த டர்ன்களை விரல்விட்டு எண்ணப் பழகுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. மேசைக்குக் கீழே விரல்விட்டு எண்ணும் பெரிய ஆட்டக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெற்றோர்கள் கேட்கும் ஒரு கேள்விக்கு இங்கே பதில் சொல்ல வேண்டும். "இதில் அதிர்ஷ்டம்தானே அதிகம்?" என்பார்கள். அதிர்ஷ்டம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஒரே அடி ஒவ்வொரு முறையும் ஒரே அளவு விழாது, 85 விழுக்காட்டிலிருந்து 100 விழுக்காடு வரை 16 அளவுகளில் ஒன்றாக விழும். ராக் ஸ்லைடு என்ற மூவ் படுவதற்கு நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு. தொண்ணூறு என்றதும் மனம் அதை உறுதி என்று எடுத்துக்கொள்கிறது. ஆனால் அது இரண்டு எதிரிகள் மீதும் விழும் மூவ், ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சோதனை. மூன்று முறை இட்டால் ஆறு சோதனை. ஆறில் ஒன்றாவது தவறிப்போக ஏறக்குறைய 47 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. அதாவது கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. இது தெரிந்தவர் ராக் ஸ்லைடு தவறினாலும் ஆட்டம் கைவிட்டுப் போகாதபடி இன்னொரு வழி வைத்திருப்பார். தெரியாதவர் விதியைத் திட்டுவார். நிகழ்தகவுப் பாடத்தில் ஈடுபாடு இல்லாத ஒரு பிள்ளை இந்தக் கணக்கைத் தானாக உட்கார்ந்து போடுவதை நான் பார்த்திருக்கிறேன். பெற்றோர் அதைத் தயவுசெய்து கவனிக்க வேண்டும்.

இப்போது என் முதல் போட்டியைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டு மாதம் ஒரே அணியோடு பழகியிருந்தேன். முந்தைய நாள் இரவு பதினொரு மணிக்கு வேறொருவரின் அணியைப் பார்த்துவிட்டு, என் ஆறில் இரண்டை மாற்றிவிட்டேன். புதிதாக வந்த இரண்டும் பழைய இரண்டைவிட வலிமையானவைதான், அதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மறுநாள் காலை அந்த 90 நொடியில் எனக்குத் தெரிந்த வழிகளெல்லாம் அழிந்துபோயிருந்தன. பழைய நான்கை வைத்துப் போட்டிருந்த திட்டம் எதுவும் பொருந்தவில்லை. ஐந்து சுற்றில் ஒன்றில்தான் வென்றேன். பேருந்தில் திரும்பும்போது ஒரு சின்ன நோட்டில் நான்கு தோல்விகளுக்கும் காரணம் எழுதினேன். நான்கில் மூன்றுக்கு முந்தைய இரவுதான் காரணம்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, அதற்குப் பின் பல நோட்டுகள் சேர்ந்துவிட்டன. போட்டிக்கு முன் ஒரு வாரம் அணியைத் தொடாதீர்கள், நோட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்ற இரண்டையும் இன்றைக்கு நான் சொல்வதில் முக்கியமானவையாக எடுத்துக்கொள்ளுங்கள். கணினியில் ஷோடவுன் என்ற தளத்தில் இலவசமாக எத்தனை ஆட்டம் வேண்டுமானாலும் ஆடலாம். ஆனால் இருபது ஆட்டம் ஆடி எதையும் எழுதாதவரைவிட, மூன்று ஆட்டம் ஆடி மூன்று வரி எழுதியவர் வேகமாக வளர்கிறார். "அதிர்ஷ்டம் இல்லை" என்று எழுதக்கூடாது. "இரண்டாவது டர்னில் புரொடெக்ட் இட்டிருக்க வேண்டும்", "அமூங்கஸ் போகிமானுக்கு எதிரே எனக்கு வழியே இல்லை" என்று எழுத வேண்டும். ஒரே பெயர் நோட்டில் ஐந்தாவது முறை வந்தால் அதற்கு எதிரான திட்டம்தான் உங்கள் அடுத்த வேலை. இந்த வளர்ச்சிக்கு ஆண்டுகளும் ஆகலாம். அமெரிக்காவின் வுல்ஃப் கிளிக் 2012-இல் உலக இறுதி ஆட்டம்வரை வந்து ரே ரிஸோவிடம் தோற்றார். ரே ரிஸோவுக்கு அது தொடர்ந்து மூன்றாவது பட்டம். வுல்ஃப் கிளிக் பட்டம் வென்றது 2016-இல், சான் ஃபிரான்சிஸ்கோவில். நடுவில் நான்கு ஆண்டுகள்.

போட்டி நாளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுற்றுகள் சுவிஸ் முறையில் நடக்கும். செஸ் ஆடுபவர்களுக்குத் தெரியும், 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாடின் 11 சுற்றுகளும் இந்த முறையில்தான் நடந்தன. ஒரு சுற்றில் தோற்றால் வெளியேற்றம் இல்லை. உங்களைப் போலவே ஒன்றில் தோற்றவர் அடுத்த சுற்றில் எதிரே வருவார். புதிதாக வருபவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது, மாலைவரை ஆடிக்கொண்டே இருக்கலாம். அணிப் பட்டியலை முந்தைய நாளே எழுதி, கருவியில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். அந்தப் பருவத்தின் விதி எந்தப் போகிமான்களை அனுமதிக்கிறது என்று பாருங்கள், அது அடிக்கடி மாறும். பெரிய போட்டிகளில் உங்கள் மூவ், பொருள், திறன் எல்லாம் எதிராளிக்குத் தரப்படும், அவருடையது உங்களுக்கும். அதை வாசிக்கப் பழகுங்கள். ஒரு டர்னுக்கு 45 நொடி, ஓர் ஆட்டத்தில் உங்கள் பங்குக்கு மொத்தம் 7 நிமிடம். சந்தேகம் வந்தால் கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிடுங்கள், எதிராளியோடு வாதாட வேண்டாம். சார்ஜர், தண்ணீர், ஏதாவது சாப்பாடு. இவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும். முழுப் பயிற்சி முடித்த போகிமான்களைக் குறுக்கு வழியில் செய்து தருபவர்கள், விற்பவர்கள் இருக்கிறார்கள். நேரம் மிச்சமாகும் என்று தோன்றும். 2023-இல் யோகோஹாமாவில் நடந்த உலகப் போட்டியில் இப்படிப்பட்ட போகிமான்களோடு வந்த சில ஆட்டக்காரர்கள் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். ஓராண்டு உழைப்பு ஒரு சோதனையில் போனது. அது தண்டனைக்காக மட்டும் தவிர்க்க வேண்டிய விஷயமல்ல. நீங்கள் வளர்த்த போகிமானின் ஒவ்வொரு எண்ணும் ஏன் அப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இரவில் கண்விழித்து அதை வளர்த்தது நீங்கள். விலைக்கு வாங்கியதைப் பற்றி அந்த அறிவு உங்களிடம் இருக்காது, களத்தில் அது காட்டிக்கொடுத்துவிடும்.

பெற்றோர்களே, பிள்ளை முதல் போட்டியிலிருந்து திரும்பி வரும்போது "ஜெயிச்சியா?" என்று கேட்காதீர்கள். "எந்தச் சுற்று நல்லா இருந்துச்சு, சொல்லு" என்று கேளுங்கள். அவன் சொல்லும் கதை உங்களுக்கு முழுதாகப் புரியாது. கேளுங்கள். தோற்ற ஆட்டத்தைத்தான் பெரும்பாலும் அவன் விரிவாகச் சொல்வான். முடிந்தால் நீங்களும் ஒருமுறை அரங்குக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். முன்பின் தெரியாத இரண்டு பிள்ளைகள் ஆட்டம் முடிந்ததும் திரையை ஒருவருக்கொருவர் திருப்பிக் காட்டி, "நீ அங்கே மாத்தியிருந்தா நான் காலி" என்று பேசிக்கொள்வதைப் பார்ப்பீர்கள்.

என் உரை முடிந்தது. நூலகம் மூடுவதற்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. என் கருவியைக் கொண்டுவந்திருக்கிறேன், ஜன்னல் ஓரத்து மேசையில் உட்கார்ந்திருப்பேன். உங்கள் ஆறு பேரோடு வாருங்கள். ஒவ்வொருவருக்கும் என்ன வேலை என்று என்னிடம் சொல்லுங்கள், பிறகு ஆடுவோம். தாத்தா, நீங்களும் வாருங்கள்.